சஃப்ரஜெட் என்றால் வீராங்கனை இல்லை

ஒவ்வொரு மார்ச்சிலும் மகளிர் தினக் கட்டுரைகளில் 'வாக்குரிமை வீராங்கனைகள்' என்ற தொடர் கண்ணில் படுகிறது. பெண்களின் ஓட்டுரிமைக்காக நின்றவர்களைக் குறிக்கும் சஃப்ரஜிஸ்ட், சஃப்ரஜெட் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் இதையே போட்டுவிடுகிறார்கள். இது சின்னத் தவறு இல்லை.

லத்தீனில் சஃப்ராஜியம் என்றால் ஓட்டு. அதிலிருந்து வந்த சஃப்ரேஜ், ஓட்டுப் போடும் உரிமை. துன்பப்படுவதைச் சொல்லும் 'சஃபர்' வேறு வேர், இரண்டையும் முடிச்சுப் போட வேண்டாம். அந்த உரிமைக்காக வாதாடுகிறவர், ஆணோ பெண்ணோ, சஃப்ரஜிஸ்ட்.

சஃப்ரஜெட் பிறந்த கதையே வேறு. 1903ல் மான்செஸ்டரில் எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் தொடங்கிய சங்கத்துப் பெண்கள் அரசியல் கூட்டங்களில் எழுந்து நின்று கேள்வி கேட்டுக் கைதானார்கள். அவர்களைக் கேலி செய்ய 1906ல் டெய்லி மெயில் என்ற லண்டன் பத்திரிகை உண்டாக்கிய சொல் இது. கிச்சனைச் சுருக்கினால் கிச்சனெட் என்பதுபோல, அந்த 'எட்' விகுதி ஆளைச் சிறிதாக்கிக் காட்டும். அவர்களோ அதையே தங்கள் பெயராக்கிக்கொண்டார்கள், 1912ல் நடத்திய பத்திரிகைக்கும் அதையே வைத்தார்கள்.

இப்போது 'வீராங்கனை' என்று எழுதினால் என்ன ஆகிறது? அவர்கள் வாங்கிய ஏச்சும் போய்விடுகிறது, அந்த ஏச்சைப் பெயராக்கிக்கொண்ட துணிச்சலும் போய்விடுகிறது, நாம் தருகிற பாராட்டு மட்டும்தான் மிஞ்சுகிறது. இங்கிலாந்தின் சஃப்ரஜிஸ்ட் தலைவி மில்லிசென்ட் ஃபாசெட்டுக்கும் அதே பட்டம் தருகிறார்கள். 1897 முதல் மனு, பொதுக்கூட்டம் என்று சட்டத்துக்குள்ளேயே நின்ற இயக்கம் அவருடையது, சஃப்ரஜெட்டுகள் ஜன்னல் கண்ணாடி உடைத்ததை அவர் ஏற்கவே இல்லை. அப்புறம், 1848ல் அமெரிக்காவில் நடந்த செனிகா ஃபால்ஸ் பெண்ணுரிமை மாநாட்டில் எலிசபெத் கேடி ஸ்டான்டனின் ஓட்டுரிமைத் தீர்மானம் தோற்றுவிடும் நிலையில் எழுந்து ஆதரித்துப் பேசினாரே ஃபிரடரிக் டக்ளஸ் என்ற ஆண், அவரை எந்த அங்கனையில் சேர்ப்பது? ஆங்கிலச் சொல் எதற்கு, தமிழில் சொல்லுங்கள் என்கிறார்கள். வீரமும் வடசொல், அங்கனையும் வடசொல்!

சஃப்ரஜிஸ்டுக்கு வாக்குரிமைவாதி சரியாகப் பொருந்தும். வாக்குரிமையாளர் கூடாது, அது உரிமை உள்ளவரைக் குறிக்கும், இவர்களுக்கு இல்லாததே அதுதான். சஃப்ரஜெட்டை அப்படியே வைத்துக்கொள்ளலாம், அது ஒரு கூட்டத்தின் பெயர். பெயரை யாரும் மொழிபெயர்ப்பதில்லை.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொரு வருத்தமும் உண்டு. '1893ல் நியூசிலாந்து பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது' என்று எழுதுகிறார்கள். வழங்க அது என்ன தானமா? கேட் ஷெப்பர்டும் தோழிகளும் ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கி, தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, துடைப்பக் கட்டையில் சுற்றி நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். விரித்தால் 270 மீட்டர் நீளம். 'பெண்கள் வாக்குரிமை பெற்றார்கள்' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

இந்த வேறுபாடு நமக்கும் வேண்டியதுதான். அயர்லாந்தில் சஃப்ரஜெட்டாகச் சிறை சென்ற மார்கரெட் கசின்ஸ்தான் 1917ல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். அந்த டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மான்டேகுவைச் சந்தித்து ஓட்டுரிமை கேட்ட பெண்கள் தூதுக்குழு கசின்ஸின் முயற்சி. 1921ல் சென்னை மாகாணம் பெண்களின் ஓட்டுரிமையை ஏற்றது. அங்கே கல்லெறிந்தவர் இங்கே மனு எழுதினார். இரண்டுக்கும் 'வீராங்கனை' என்றே எழுதினால், அவர் வழியை மாற்றிக்கொண்டதே படிக்கிறவருக்குத் தெரியாது.