சமூகவியல்: தலை ஒரு மொழி, வால் ஒரு மொழி

இலங்கையில் கூட்ட அறிவித்தலின் அடியில் 'தவறாது சமூகமளிக்கவும்' என்று போடுவார்கள். நேரில் வாருங்கள் என்று அர்த்தம். தமிழ்நாட்டில் கல்யாணப் பேச்சின்போது 'நீங்க எந்தச் சமூகம்?' என்று ஒருவர் கேட்டால், அவருக்குத் தெரிய வேண்டியது சாதி. பத்திரிகைத் தலையங்கத்தில் 'சமூகம் சீரழிகிறது' என்று வந்தால் நாம் எல்லோரும்தான்.

மனிதர்கள் கூடி வாழும் விதத்தை ஆராயும் சமூகவியல் எடுத்துக்கொண்டது இந்த மூன்றாவதை. இரண்டாவதும் அதற்குள் அடங்கிவிடும். முதலாவது மட்டும் வேறு சொல். முகத்துக்கு நேராக என்று பொருள்படும் 'சம்முகம்' திரிந்து வந்தது அது. பழைய மனுக்களில் 'துரையவர்கள் சமூகத்துக்கு' என்று எழுதினார்களே, அதுவும் இதுதான். மற்ற இரண்டுக்கும் மூலம் 'சமூஹ', அதாவது திரள்.

சரி, மூலச்சொல்லுக்கு வருவோம். பிரெஞ்சில் 'சோசியொலொஜி' (ஆங்கிலத்தில் சோசியாலஜி) என்ற சொல்லை அச்சில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் தத்துவவாதி ஓகுஸ்த் கோம்த், 1839இல். அதற்கு முன் அவர் அந்தத் துறையைச் 'சமூக இயற்பியல்' என்றுதான் அழைத்துவந்தார். கல் விழுவதற்கு விதி இருப்பதுபோல மனிதக் கூட்டத்துக்கும் விதி உண்டு என்பது அவர் நம்பிக்கை. இடையில் பெல்ஜியப் புள்ளியியலாளர் கெத்லே 1835இல் தன் நூலின் துணைத்தலைப்பில் அதே பெயரைப் போட்டுவிட்டார். கோம்த்துக்குக் கோபம். எண்ணிக்கைக் கணக்குக்குப் போய் என் பெயரா என்று புதிதாக ஒன்றைச் செய்துகொண்டார். ஒரு துறையின் பெயர் எரிச்சலில் பிறந்த கதை இது. பிரெஞ்சுப் புரட்சிக்கால அரசியல் சிந்தனையாளர் சியேயெஸ் அதே சொல்லைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தன் கையெழுத்துப்படிகளில் எழுதி வைத்திருந்தார். அச்சேறாததால் பெயர் கோம்த்துக்குப் போனது.

'சோசியுஸ்' லத்தீன்: கூட்டாளி, தோழன். 'லோகோஸ்' கிரேக்கம்: சொல், அறிவு. இரண்டையும் ஒட்டவைத்ததைப் பண்டிதர்கள் ரசிக்கவில்லை. மொழிக்கொலைதான், ஆனாலும் வசதியானது என்ற பொருளில் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் ஸ்டுவர்ட் மில் 1843இல் எழுதினார். சோஷலிசத்துக்கும் வேர் அதே 'சோசியுஸ்' என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் இன்றும் உண்டு.

பெயர் வந்துவிட்டது, பல்கலைக்கழகத்தில் நாற்காலி வர அரை நூற்றாண்டு ஆனது. கோம்த் கடைசிவரை பேராசிரியர் ஆகவில்லை. 1892இல் சிகாகோ பல்கலைக்கழகம் தொடங்கியபோதே ஆல்பியன் ஸ்மால் தலைமையில் தனித்துறை அமைந்தது. பிரான்ஸில் 1887இல் எமில் துர்கைமுக்கு போர்தோ பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது, ஆனால் பாடத்தின் பெயர் 'சமூக அறிவியலும் கல்வியியலும்'. அவருடைய பதவியின் பெயரில் சமூகவியல் சேர்ந்தது 1913இல், பாரிஸின் சொர்போன் பல்கலைக்கழகத்தில்.

துறைக்கு மரியாதை வாங்கித் தந்தது துர்கைம் தற்கொலை பற்றி 1897இல் வெளியிட்ட நூல். அதற்காக அவர் சகோதரி மகன் மார்செல் மோஸ் உட்கார்ந்து வகைபிரித்தது சுமார் 26,000 தற்கொலைப் பதிவுகளை: வயது, ஆணா பெண்ணா, மணமானவரா, பிள்ளைகள் உண்டா என்று. ஒருவர் தனியாக எடுக்கும் முடிவு என்று நாம் நினைப்பது, நாட்டுக்கு நாடு, மதத்துக்கு மதம் வேறுபட்டாலும், ஒவ்வொன்றிலும் ஆண்டுதோறும் ஏறக்குறைய நிலையான விகிதத்தில் ஏன் வருகிறது என்பது கேள்வி. கெத்லேயின் எண்ணிக்கைக் கணக்கை விரட்டிவிட்டுப் பிறந்த பெயர், கடைசியில் எண்ணிக்கையை வைத்துத்தான் காலூன்றியது!

இந்தியாவில் 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் ஸ்காட்லாந்துக்காரரான பாட்ரிக் கெடிஸ் சமூகவியல் துறையைத் தொடங்கினார். ஐந்து ஆண்டுகள் கழித்து ஜி.எஸ். குர்யே பொறுப்பேற்றார்.

இனி தமிழ்ச்சொல். சமூகம் + இயல், மகரம் கெட்டு வகரம் தோன்றிச் சமூகவியல். 'இயல்' நம்முடையது, தொல்காப்பியத்திலேயே பெயரியல், வினையியல் உண்டு. 'சமூக' வடமொழி. ஆக மூலச்சொல்லைப் போலவே இதுவும் தலை ஒரு மொழி, வால் ஒரு மொழி. 'சமுதாயவியல்' என்றாலும் தவறில்லை. சமுதாயம் ஒரு காலத்தில் தஞ்சைப் பக்கம் ஊர்ப் பொதுவில் வைத்திருந்த நிலத்தையும் குறித்த சொல், அந்த வாசனை எனக்குப் பிடிக்கும். தனித்தமிழ் அன்பர்கள் 'குமுகவியல்' என்பார்கள். வேர் சுத்தம்தான், வகுப்பறைக்குள் அவ்வளவாக நுழையவில்லை. நான் சமூகவியல் என்றே எழுதுகிறேன், அதைப் படித்தவரைச் சமூகவியலாளர் என்று. பள்ளிக்கூடத்தில் வரலாறும் புவியியலும் குடிமையியலும் சேர்த்துக் கட்டித் தருகிறார்களே, அது சமூக அறிவியல். இதோடு சேர்த்துவிடாதீர்கள்.