பக்கத்தைப் பங்குபோட்டால் கோணம் கிடைக்காது

எல்லைத் தகராறு என்று நில அளவையாளரான என்னைக் கூப்பிடும் பல இடங்களில் தகராறுக்கான காரணமே இருப்பதில்லை. யாரோ மேசையில் உட்கார்ந்து போட்ட தப்புக் கணக்குதான் இருக்கிறது. அண்மையில் பார்த்ததும் அப்படித்தான். இதே தவறை இதற்கு முன்பும் பலமுறை திருத்தியிருக்கிறேன். இனியும் வாய்வார்த்தையாகச் சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை என்பதால் எழுதிவைக்கிறேன்.

முக்கோண மனை. பக்கங்கள் 30 மீட்டர், 40 மீட்டர், 60 மீட்டர். டேப் பிடித்தவர் ஒழுங்காகத்தான் பிடித்திருக்கிறார். நான் மறுபடி அளந்தபோதும் அதே நீளங்கள் வந்தன. வரைபடத்தில் கோணங்களையும் காட்ட வேண்டும் என்றதும், படம் தயாரித்தவர் மூன்று பக்கங்களையும் கூட்டினார்: 130. பிறகு 180 டிகிரியை 30, 40, 60 என்ற விகிதத்தில் பிரித்தார். 41.5, 55.4, 83.1 டிகிரி கிடைத்தது. கூட்டிப் பார்த்தார், சரியாக 180. படத்தில் எழுதிவிட்டார்.

அந்தப் படத்தை வைத்து இன்னொருவர் 30 மீட்டர் பக்கமும் 40 மீட்டர் பக்கமும் சேரும் மூலையில் கோணம் அளக்கும் கருவியை நிறுத்தி, 83.1 டிகிரி திருப்பி முளை அடித்தார். முளைக்கும் எதிர்மூலைக் கல்லுக்கும் நடுவே 60 மீட்டர் இருக்க வேண்டும். இருந்தது 47 மீட்டர். முளை விழுந்த இடமோ மனைக்காரரின் வேலிக்கு நன்றாக உள்ளே. பக்கத்து நிலத்துக்காரர் விடுவாரா? ‘உங்கள் படத்தின்படியே உங்கள் எல்லை இதோடு சரி, வேலி போட்டிருப்பது என் நிலத்தில்’ என்றார். மனைக்காரருக்கு வேறு குறை. படத்தில் போட்டிருந்த பரப்பு 596 சதுர மீட்டர். நிலத்தில் இருப்பதோ 533 தான். மிச்சம் எங்கே போனது என்று அவர் கேட்டார்.

எங்கும் போகவில்லை. அந்த மூலையின் உண்மையான கோணம் 117.3 டிகிரி. விரிகோணத்தைக் குறுங்கோணமாக எழுதிவைத்ததால் வந்த வினை அவ்வளவும். மற்ற இரண்டு கோணங்கள் 36.3, 26.4. கல்லும் வேலியும் அதனதன் இடத்தில் சரியாகவே இருந்தன.

இந்தத் தவறைச் செய்பவர்கள் படிக்காதவர்கள் அல்லர். ‘பெரிய கோணத்துக்கு எதிரே பெரிய பக்கம்’ என்று பள்ளியில் படித்தவர்கள்தாம். அது முழு உண்மை. யூக்ளிட் சுமார் கி.மு. 300-லேயே இதை இரண்டு பக்கமும் நிறுவியிருக்கிறார்: பெரிய பக்கத்துக்கு எதிரே பெரிய கோணம், பெரிய கோணத்துக்கு எதிரே பெரிய பக்கம். ஆனால் அந்த உண்மை சொல்வது வரிசையை மட்டும்தான். எது பெரியது, எது நடுத்தரம், எது சிறியது என்று சொல்லும். எத்தனை மடங்கு பெரியது என்று சொல்லாது. பக்கம் இரண்டு மடங்கானால் எதிர்க்கோணமும் இரண்டு மடங்கு என்பதை யாரும் எந்த வகுப்பிலும் கற்றுத்தந்திருக்க மாட்டார்கள். நாமாகச் சேர்த்துக்கொண்டது அது.

நம்பிக்கை வராதவர்களுக்கு ஒன்று காட்டுகிறேன். அடித்தளம் போடும்போது மூலைமட்டம் பார்க்கக் கட்டட வேலைக்காரர்கள் 3-4-5 போடுவார்கள். ஒரு நூலில் 3, இன்னொரு நூலில் 4 குறித்து, குறுக்கே 5 வந்தால் மூலை செங்கோணம். உலகம் முழுக்க நடக்கிற வேலை இது. இப்போது பங்குபோடும் கணக்கை இதிலே போட்டுப் பாருங்கள். 3, 4, 5 கூட்டினால் 12. 180-ஐ 12-ஆல் வகுத்தால் 15. ஆக, கோணங்கள் 45, 60, 75 என்று வரும். பார்க்க எவ்வளவு அழகான எண்கள்! மூன்றுமே பழகிய கோணங்கள், கூட்டினால் 180. இந்த அழகில்தான் ஆட்கள் விழுகிறார்கள். ஆனால் 75 எங்கே, 90 எங்கே? பங்குபோடும் கணக்கு சரியென்றால் 3-4-5 வைத்து எழுப்பிய ஒவ்வொரு சுவரும் மூலையில் 15 டிகிரி கோணலாக நிற்க வேண்டும். உண்மையில் 3-4-5 முக்கோணத்தின் கோணங்கள் ஏறத்தாழ 36.9, 53.1, மிகச் சரியாக 90.

திருப்பிப் போட்டாலும் இதே கதிதான். 30, 60, 90 டிகிரி முக்கோணத்தை எடுங்கள். பங்குக் கணக்குப்படி பக்கங்கள் 1, 2, 3 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். ஒன்றும் இரண்டும் சேர்ந்தாலே மூன்று ஆகிவிடுகிறதே! அப்படி மூன்று குச்சிகளை வைத்தால் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொள்ளும், முக்கோணம் எழும்பவே எழும்பாது. உண்மையான விகிதம் 1, 1.732, 2. அதாவது 30 டிகிரிக்கு எதிரே இருப்பதைப்போல இரண்டு மடங்கு நீளம் 90 டிகிரிக்கு எதிரே. கோணம் மூன்று மடங்கு, பக்கம் இரண்டு மடங்கு.

எனக்கு மிகவும் பிடித்தது 4-5-6 முக்கோணம். இதில் 6-க்கு எதிர்க்கோணம் 4-க்கு எதிர்க்கோணத்தைப் போலச் சரியாக இரண்டு மடங்கு: 82.8, 41.4. ஏறத்தாழ அல்ல, துல்லியமாகவே இரண்டு மடங்கு. பக்கமோ ஒன்றரை மடங்குதான். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இந்தக் கணக்கைத்தான்.

சரி, விகிதம் எதில்தான் இருக்கிறது? பக்கங்கள் எதிர்க்கோணங்களின் சைன் மதிப்புகளின் (ஒவ்வொரு கோணத்துக்கும் அட்டவணையிலோ கால்குலேட்டரிலோ கிடைக்கும் எண்) விகிதத்தில் இருக்கும். சைன் சூத்திரம் அவ்வளவுதான். சைன் கோணத்தோடு சீராக ஏறுவதில்லை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆரியபட்டர் 499-இல் கொடுத்த அட்டவணையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆரம் 3438 என்று வைத்து, கோணத்தை 3 டிகிரி 45 நிமிடமாகக் கூட்டிக்கொண்டே போகிறார். 90 டிகிரி வரை 24 படிகள். ஒவ்வொரு படிக்கும் சைன் எவ்வளவு கூடுகிறது என்று வரிசையாகச் சொல்கிறார்: 225, 224, 222, 219 என்று தொடங்கி, குறைந்துகொண்டே வந்து, கடைசியில் 51, 37, 22, 7. முதல் படியில் 225 கூட்டிய அதே 3 டிகிரி 45 நிமிடம், 90 டிகிரியை நெருங்கும்போது வெறும் 7 கூட்டுகிறது. 90 தாண்டினால் இறங்கவே தொடங்கிவிடும். இப்படிப்பட்ட ஒன்றை நேர்விகிதமாக எப்படிப் பங்குபோட முடியும்?

அந்த இறக்கம்தான் இரண்டாவது பள்ளம். சைன் சூத்திரம் தெரிந்தவர்களே விழுவது இதில்தான். நம் 30-40-60 மனையில் பெரிய கோணத்தின் சைன் 0.889. கால்குலேட்டரில் திருப்பிக் கேட்டால் 62.7 டிகிரி என்று சொல்லும். 117.3-க்கும் அதே சைன்தான். ஆனால் கால்குலேட்டர் எப்போதும் 90-க்குள் இருக்கும் விடையை மட்டுமே தரும். ஆகவே மூன்று பக்கமும் தெரிந்த முக்கோணத்தில் முதலில் பெரிய பக்கத்தின் எதிர்க்கோணத்தைக் கொசைன் சூத்திரத்தால் (மூன்று பக்க நீளங்களிலிருந்தே கோணத்தைத் தரும் சூத்திரம்) கண்டுபிடியுங்கள். விரிகோணமாக இருந்தால் கொசைன் குறை எண்ணாக வந்து காட்டிக்கொடுத்துவிடும். மீதி இரண்டும் குறுங்கோணமாகத்தான் இருக்க முடியும், அவற்றுக்குச் சைன் சூத்திரமே போதும்.

கால்குலேட்டர்கூட வேண்டாம் என்றால், சிறிய பக்கங்கள் இரண்டின் வர்க்கங்களைக் கூட்டுங்கள். 900-உம் 1600-உம் 2500. பெரிய பக்கத்தின் வர்க்கம் 3600. பெரிய பக்கத்தின் வர்க்கம் கூடுதலாக இருந்தால் விரிகோணம், சமமாக இருந்தால் செங்கோணம், குறைவாக இருந்தால் மூன்றும் குறுங்கோணம். அந்த வரைபடக்காரர் இந்த ஒரு வரியைப் போட்டிருந்தால் 83 என்று எழுதக் கை வந்திருக்காது.

அப்புறம், ‘மூன்றும் கூட்டினால் 180 வருகிறதே’ என்று தயவுசெய்து என்னிடம் வாதாடாதீர்கள். 180-ஐ எப்படிப் பிரித்தாலும் கூட்டினால் 180 வரத்தான் செய்யும். மூன்று கோணங்களையும் தனித்தனியாகக் கண்டுபிடித்து அதன்பின் கூட்டினால்தான் அது சோதனை. இரண்டைக் கண்டுபிடித்து மூன்றாவதைக் கழித்து எழுதிவிட்டுக் கூட்டிப் பார்ப்பதும் சோதனை ஆகாது.

எக்செலில் கணக்குப் போடுகிறவர்கள் கவனிக்க: அது கோணத்தை டிகிரியில் அல்ல, ரேடியன் என்ற வேறோர் அலகில்தான் எடுத்துக்கொள்ளும். 30 டிகிரி என்று நினைத்து 30-இன் சைனைக் கேட்டால் 0.5 வராது, -0.988 வரும். குறை எண் வந்தால் உடனே தெரிந்துவிடும். சில கோணங்களுக்கு நம்பும்படியான தப்பு எண் வரும், அதுதான் ஆபத்து.

ஒடுங்கிய முக்கோணங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 30, 40, 69 மீட்டர் பக்கங்கள் உள்ள மனையின் பரப்பு 201 சதுர மீட்டர். அந்த 69-ஐ 69.1 என்று அளந்துவிட்டால் பரப்பு 191 ஆகிவிடும். பத்து சென்டிமீட்டர் பிசகினால் பத்து சதுர மீட்டர் போகிறது! இரண்டு பக்கங்களின் கூடுதல் மூன்றாவதை நெருங்க நெருங்க, டேப்பின் தொய்வுகூடப் பெரிய கோணத்தை ஒரு டிகிரி அசைத்துவிடும். எங்கள் தொழிலில் 30 டிகிரிக்குக் குறைவான கோணமும் 120-க்கு மேற்பட்ட கோணமும் இல்லாதபடி முக்கோணங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இதனால்தான். இயற்கையாகவே ஒடுங்கிய மனை என்றால் நீளங்களை மட்டும் நம்பாதீர்கள். பெரிய பக்கத்துக்கு எதிர்மூலையிலிருந்து செங்குத்துத் தூரத்தையும் நேரடியாக அளந்துவிடுங்கள்.

நான்கு பக்க மனை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூன்று பக்கங்கள் தெரிந்தால் முக்கோணம் ஒன்றே ஒன்றுதான், கோணங்கள் தாமாகவே முடிவாகிவிடும். நான்கு பக்கங்களுக்கு அந்த உறுதி கிடையாது. நான்கு பக்கமும் 20 மீட்டர் என்றால் மூலைகள் செங்கோணமாக இருந்து 400 சதுர மீட்டரும் வரலாம். ஒரு மூலை 60 டிகிரியாகச் சாய்ந்து 346-உம் வரலாம். இரண்டுக்கும் சுற்றளவு 80 மீட்டர்தான். அதனால் வாங்குவதற்கு முன்பே, நான்கு பக்கங்களோடு ஒரு மூலைவிட்டத்தையும் அளந்து படத்தில் எழுதச் சொல்லுங்கள். மனை உடனே இரண்டு முக்கோணங்களாகிவிடும், கோணம் எதையும் யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. முடிந்தால் இரண்டாவது மூலைவிட்டத்தையும் அளந்துவிடுங்கள். கணக்கில் வரும் நீளமும் தரையில் வரும் நீளமும் ஒத்துப்போகாவிட்டால், முளை அடிப்பதற்கு முன்பே வேலையை நிறுத்திவிட்டு எல்லா அளவுகளையும் மறுபடி எடுங்கள்.