வரவு செலவுக்குக் கீழே ஒரு வரி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் மனநல ஆலோசனை வழங்கும் அறைக்கு வருபவர்களிடம் நாள்தோறும் சிறிது எழுதச் சொன்னால், பெரும்பாலோர் "எனக்கு எழுதவெல்லாம் வராதுங்க" என்று உடனே மறுத்துவிடுகிறார்கள். எழுத்து என்பது பரீட்சைக்கும் எழுத்தாளர்களுக்கும் உரியது என்ற எண்ணம் பள்ளிப் பருவத்திலேயே பதிந்துவிடுகிறது. ஆனால் அப்படிச் சொல்பவர்களில் பலர் பால் கணக்கையும் சீட்டுக் கணக்கையும் ஆள் கூலியையும் நோட்டில் எழுதி முடிக்காமல் உறங்குவதில்லை. எழுதும் பழக்கம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த நோட்டில் அவர்களுக்கு மட்டும் இடமில்லை.

பண்ருட்டிப் பக்கத்து முந்திரி விவசாயி ஒருவரைப் பற்றி, அவருடைய இசைவுடனும் அடையாளங்களை மாற்றியும் சொல்கிறேன். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல் இம்மாவட்டத்தின் முந்திரி, பலாத் தோப்புகளைப் பெருமளவில் சாய்த்துவிட்டுப் போனது. அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் மார்கழிக் காற்று வீசத் தொடங்கினாலே தமக்கு உறக்கம் போய்விடுகிறது என்று அவர் வந்தார். கணக்கு நோட்டில் அன்றைய செலவுக்குக் கீழே, அன்று மனத்தில் இருந்ததை ஒரு வரி எழுதுமாறு கேட்டுக்கொண்டேன். முதல் வாரம் முழுவதும் "கஷ்டமாக இருந்தது" என்பதே மீண்டும் மீண்டும் வந்தது. தமிழில் இந்த வசதி உண்டு: யாருக்கு என்று சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும். "யாருக்குங்க ஐயா?" என்று கேட்டேன். அடுத்த வாரம் "எனக்கு" என்ற சொல் சேர்ந்தது. மூன்றாம் வாரத்தில் இப்படி எழுதியிருந்தார்: "அப்பா வச்ச மரமெல்லாம் விழுந்தப்ப நான் வீட்டுக்குள்ளயே இருந்தேன். வெளிய போயிருந்தா செத்திருப்பேன். அதனாலதான் போகல."

அந்த "அதனாலதான்" என்ற சொல்லை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர், சாண்ட்ரா பீலுடன் சேர்ந்து 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து 4 நாள்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். தங்களைப் பாதித்த நிகழ்வையும் அப்போதைய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ உதவியைக் குறைவாகவே நாடினர். ஆயினும் எழுதி முடித்த உடனே அவர்களுடைய மனம் முன்னைவிடக் கனத்திருந்தது என்பதையும் அந்த ஆய்வு சொல்கிறது. பின்னர் இத்தகைய ஆய்வுகளில் எழுதப்பட்டவற்றை ஆராய்ந்தபோது, காரணத்தையும் புரிதலையும் காட்டும் சொற்கள் நாளுக்கு நாள் கூடியவர்களிடமே நன்மை அதிகம் தெரிந்தது. கொட்டித் தீர்ப்பதைவிட, நடந்ததைக் கோத்துப் பார்ப்பதே பயன் தருகிறது என்று என் அனுபவத்திலும் கண்டிருக்கிறேன்.

எந்தத் தமிழில் எழுதுவது என்ற தயக்கமும் பலருக்கு உண்டு. "வந்துச்சு", "போச்சு" என்று நாம் பேசுகிறபடியே எழுதுங்கள். ஒற்றுப் பிழையைத் திருத்த வேண்டாம். பிறர் படிப்பதற்குரிய கட்டுரைக்கு உரிய கவனம் வேறு. இந்த வரி உங்களுக்கானது.

நமக்கு அருகிலேயே இதற்கு முன்னோடி ஒருவர் இருந்திருக்கிறார். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேக்கு துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761இல் மறையும் காலம் வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். வணிகரான அவர் கப்பல் வந்ததையும் சரக்கு நிலவரத்தையும் எழுதிய அதே கையால், ஆளுநர் மாளிகையில் கேட்ட பேச்சையும் தம் மனவருத்தங்களையும் எழுதினார். இலக்கியம் படைக்க வேண்டும் என்று உட்கார்ந்திருந்தால் 25 ஆண்டுகள் தொடர்ந்திருக்குமா என்று நான் நினைப்பதுண்டு.

இரவில் நாளைய வேலைகள் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. உறக்கத்தை ஆராயும் அமெரிக்க உளவியலாளர் மைக்கேல் ஸ்கல்லின் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், படுக்கும் முன் 5 நிமிடம் இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகவே உறங்கினர்.

எழுத்து எல்லாருக்கும் எப்போதும் பொருந்தாது என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். இழவு நேர்ந்த வீட்டில், அதிர்ச்சி ஆறாத நிலையில், ஒருவரை எழுதச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. ஒரே குறையை ஒரே சொற்களில் பல நாள் எழுதி, எழுத எழுத மனம் தாழ்ந்துகொண்டே போனால், நோட்டை மூடிவிட்டு நம்பிக்கைக்குரியவரிடம் பேசுவதே நல்லது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் எழுத்தை நம்பிக் காத்திருக்காமல், உடனே அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 என்ற இலவச எண்ணை அழையுங்கள்.

கூட்டுக் குடும்பத்தில் நோட்டை யாரேனும் எடுத்துப் படித்துவிடுவார்களோ என்று பெண்கள் அஞ்சுவது நியாயமானது. எழுதியதைக் கிழித்துப் போட்டாலும் எழுதிய நேரம் வீணாவதில்லை என்று அவர்களிடம் சொல்கிறேன். பிள்ளைகளின் டைரியைப் பெற்றோர் பிரித்துப் பார்க்காமல் இருப்பதும், அவர்கள் எழுதக் கற்றுக்கொள்வதற்கு நாம் செய்யும் உதவியே. அந்த விவசாயி இப்போதும் மாதம் ஒருமுறை வருகிறார். நோட்டு அவருடைய பையில்தான் இருக்கிறது; அதை அவர் எடுத்துக் காட்டுவதில்லை, நானும் கேட்பதில்லை.