ஒலியை நிறுத்திவிட்டு அந்தக் காட்சியைப் பாருங்கள்

கடந்த இரண்டு மாதங்களில் என் ஆலோசனை அறைக்கு வந்தவர்களில் நான்கு பேர் ஒரே படத்தைக் குறிப்பிட்டார்கள். படத்தின் பெயர் இங்கே தேவையில்லை. திருமணமான ஒரு பெண்ணும் அவளை விட மறுக்கும் ஒருவனும் ஒருவரையொருவர் அழித்துக்கொள்ளும் கதை. அப்படிப்பட்ட படங்கள் பல வந்திருக்கின்றன, இனியும் வரும். நான்காவதாக வந்த பெண், "மேடம், அந்தப் படம் அப்படியே எங்கள் கதைதான். அவ்வளவு ஆழமான அன்பு எல்லாருக்கும் கிடைத்துவிடாது" என்று பேசத் தொடங்கியபோது, அவருடைய சுடிதாரின் முழுக்கை சற்றே மேலேறி, முன்கையில் நான்கு விரல்களின் அளவுக்குக் கன்றிப்போயிருந்த நீலத் தடம் தெரிந்தது. அன்றிரவே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அவருடைய அனுமதியுடன், அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன். வயது முப்பதுகளின் நடுவில் இருக்கும். பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை, நான்காம் வகுப்புப் படிக்கும் மகள், வெளியூரில் வேலை பார்த்து மாதம் இருமுறை வந்துபோகும் கணவர். திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்தில் தினமும் ஒரே நேரத்தில் இறங்கிய இருவரின் பழக்கம், பதினான்கு மாதங்களில் இந்தத் தடம் வரை வந்திருந்தது. முந்தைய நாள் மட்டும் 61 அழைப்புகளை அவர் எடுக்காமல் விட்டிருந்தார். அதை எனக்குக் காட்டியபோது அவர் முகத்தில் பயம் இருந்தது. பயத்தோடு கொஞ்சம் பெருமிதமும் இருந்தது. அந்தப் பெருமிதம்தான் என்னை எழுத வைக்கிறது.

ஒரு நபருக்காக எவ்வளவு வலிக்கிறதோ அவ்வளவு உண்மையானது அந்தக் காதல் என்ற நம்பிக்கையை, பத்தொன்பது ஆண்டுகளாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். படித்தவர்கள், படிக்காதவர்கள், இருபது வயதுக்காரர்கள், ஐம்பதைக் கடந்தவர்கள் எல்லாரும் இதையே வேறு வேறு சொற்களில் சொல்கிறார்கள். தூக்கம் போய்விட்டது, சோறு இறங்கவில்லை, ஒரு பதில் வரும்வரை கையும் காலும் ஓடவில்லை, அதனால் இது சாதாரண உறவாக இருக்க முடியாது என்பது அவர்களுடைய வாதம். தயவுசெய்து கவனியுங்கள்: இவை எல்லாம் ஒருவருடைய உடல் நெருக்கடியில் இருக்கிறது என்பதைத்தான் காட்டுகின்றன. தேர்வு முடிவுக்காகக் காத்திருப்பவருக்கும், கடன்காரருக்கு அஞ்சி வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருப்பவருக்கும் இதே படபடப்புதான் வருகிறது. எதிரில் இருப்பவர் எப்படிப்பட்டவர், அவர் நம்மை எப்படி நடத்துகிறார் என்பதைப் பற்றி அந்தப் படபடப்பு ஒரு சொல்லும் சொல்வதில்லை.

இரகசியம் தன்னளவிலேயே ஈர்ப்பைக் கூட்டும் என்பதை 1994-ஆம் ஆண்டு டேனியல் வெக்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஓர் எளிய சோதனையில் காட்டினார்கள். முன்பின் தெரியாத நான்கு பேரைச் சீட்டாட உட்காரவைத்து, அவர்களில் ஓர் இணையிடம் மட்டும் மேசைக்கு அடியில் மற்றவர்களுக்குத் தெரியாமல் பாதங்களைத் தொட்டபடி ஆடச் சொன்னார்கள். எல்லாரும் அறியத் தொட்டுக்கொண்டவர்களை விட, மறைத்துத் தொட்டுக்கொண்டவர்களே பின்னர் ஒருவர்மீது ஒருவருக்கு அதிக ஈர்ப்பு இருப்பதாகச் சொன்னார்கள். ஒரு சீட்டாட்டத்துக்கே இந்த நிலை என்றால், மாதக்கணக்கில் குறுஞ்செய்திகளை அழித்து, மொட்டை மாடியில் தாழ்ந்த குரலில் பேசி, பெயரை மாற்றி எண்ணைச் சேமித்து வைத்திருப்பவரின் மனம் அந்த நபரைத் தவிர வேறு எதை நினைக்கும்? மறைக்கும் வேலையே அவரை நாளெல்லாம் நினைக்க வைக்கிறது. அந்த ஓயாத நினைப்பைத்தான் ஆழம் என்று எண்ணிவிடுகிறார்கள்.

தடை வந்தால் காதல் வளரும் என்பதும் இதைச் சேர்ந்ததே. பெற்றோரின் எதிர்ப்பு காதலைக் கூட்டுகிறது என்று 1972-இல் வெளியான ஓர் ஆய்வைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அதை 2014-இல் மீண்டும் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை என்பதையும், சுற்றி இருப்பவர்களின் ஆதரவு இருந்த உறவுகளே நன்றாக இருந்தன என்பதையும் ஏனோ யாரும் சொல்வதில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சாதியின் பெயரால் தடுக்கப்படும் காதலைப் பற்றி நான் பேசவில்லை. அங்கே அழிவைக் கொண்டுவருவது சுற்றியிருக்கும் வன்முறை. அப்படிப்பட்ட இணையருக்குப் பாதுகாப்பு இல்லங்களும் மாவட்டந்தோறும் தனிப் பிரிவுகளும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் உத்தரவிட்டிருக்கிறது. நான் பேசுவது, உறவுக்குள்ளேயே அடியும் மிரட்டலும் இருக்கும்போது, ஊருக்குத் தெரியக்கூடாது என்ற ஒரே காரணத்தால் அவற்றை வெளியே சொல்லாமல் இருப்பதைப் பற்றி.

அன்று அவரிடம், அந்தப் படத்தில் அவருக்கு மிகவும் பிடித்த காட்சியைக் கைபேசியில் போடச் சொன்னேன். முதலில் ஒலியோடு பார்த்தோம். அவர் கண் கலங்கியது. பிறகு ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டு, திரையில் என்ன நடக்கிறதோ அதை மட்டும் வாய்விட்டுச் சொல்லும்படி கேட்டேன். "உள்ளே வருகிறான். கதவைத் தாழிடுகிறான். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறாள். போனைப் பிடுங்குகிறான். சுவரில் குத்துகிறான். அவள் பின்வாங்குகிறாள். மணிக்கட்டைப் பிடிக்கிறான்." அந்த இடத்தில் அவர் பேச்சு நின்றது. இடது கையின் துணியை மெல்ல இழுத்து விட்டுக்கொண்டார். வயலினும் மழையும் இல்லாமல் அந்தக் காட்சியில் மிஞ்சுவது, எந்தக் காவல் நிலையத்திலும் புகாராக எழுதக்கூடிய ஐந்து செயல்கள்.

படம் எடுக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பிரிவுத் துயரில் மேனியில் பசலை நிறம் படர்வதையும் கை மெலிந்து வளை நெகிழ்வதையும் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பாடிவரும் மொழி நம்முடையது. ஆனால் அந்த அகப்பாடல்களின் களவில், அதாவது மணத்துக்கு முந்தைய மறைவான காதலில், தலைவி தனியாக இல்லை. பக்கத்தில் தோழி இருக்கிறாள். அவளுக்கு எல்லாம் தெரியும். அவள் தலைவனை நேருக்கு நேர் கேட்கிறாள்: இரவில் இந்த வழியில் வராதே, மணந்துகொள், இவள் படும் பாட்டைப் பார் என்று. இன்றைய கதைகளிலும், என்னிடம் வருகிறவர்களின் வாழ்க்கையிலும் அந்தத் தோழியின் இடம் காலியாகவே இருக்கிறது. பதினான்கு மாதங்களாக ஒருவரிடமும் சொல்லாத ஒன்றை, கட்டணம் கொடுத்து என்னிடம்தான் முதலில் சொன்னார் அந்தப் பெண்.

இயக்குநர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1774-இல் ஜெர்மன் எழுத்தாளர் கெதே எழுதிய, மணமான பெண்மீது கொண்ட காதலால் உயிரை மாய்த்துக்கொள்ளும் இளைஞன் வெர்தரின் கதையைப் பின்பற்றிப் பலர் இறந்ததாகப் பேச்சு எழுந்து, சில ஊர்களில் அந்த நாவல் தடை செய்யப்பட்டது. தற்கொலைச் செய்திகளைத் தொடர்ந்து தற்கொலைகள் கூடுவதை ஆராய்ந்த டேவிட் பிலிப்ஸ் 1974-இல் அதற்கு வெர்தரின் பெயரையே வைத்தார். திரைத்துறையினருக்கென்றே உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. இருவரும் ஒன்றாகச் சாவதை வெற்றியைப் போலக் காட்டி முடிப்பதற்கு முன், தயவுசெய்து அதை ஒருமுறை படியுங்கள்.

இப்போது, இப்படியொரு உறவுக்குள் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்.

"நீ விட்டுப் போனால் செத்துவிடுவேன்" என்பதைப் பொய் என்று ஒதுக்காதீர்கள். காதல் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அது அவசர நிலை. அவருடைய வீட்டாரில் ஒருவருக்கு உடனே சொல்லுங்கள், 108-ஐ அழையுங்கள், நீங்கள் தனியாக ஓடாதீர்கள். அவருடைய உயிரைக் காக்கும் பொறுப்பை நீங்கள் ஒருவரே சுமக்க முடியாது. சுமக்க முயன்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள்தான் அந்த உறவிலிருந்து வெளியே வர மிகவும் கஷ்டப்பட்டார்கள்.

கடைசியாக ஒருமுறை பார்த்துப் பேசி முடித்துக்கொள்கிறேன் என்று பூட்டிய அறைக்குள் போகாதீர்கள். இதை எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன்! பிரியும் நேரம்தான் மிகவும் ஆபத்தான நேரம். பேசியே ஆக வேண்டுமென்றால் பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், கூட ஒருவரை வைத்துக்கொண்டு பேசுங்கள்.

போலீஸ் உன்னைத்தான் பிடிக்கும் என்று மிரட்டினால் நம்பாதீர்கள். மணம் கடந்த உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 27 அன்று நீக்கிவிட்டது. அந்தப் பிரிவு இருந்த காலத்தில்கூடப் பெண்ணுக்கு அதில் தண்டனை இல்லை. அதே சமயம், சட்டம் அனுமதித்துவிட்டது, இனி ஒன்றுமில்லை என்றும் எண்ணவேண்டாம். விவாகரத்துக்கு அது இன்றும் ஒரு காரணம்தான். அந்தரங்கப் படங்களை வெளியிடுவேன் என்று சொன்னால், அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டு மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். எடுக்கும்போது நீங்கள் சம்மதித்திருந்தாலும், உங்கள் சம்மதமின்றி அதைப் பரப்புவது குற்றம். பணம் கொடுத்து வாயை அடைக்கலாம் என்று நகையை அடகு வைக்காதீர்கள்.

யாரிடமும் சொல்ல முடியவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை. பெண்களுக்கான உதவி எண் 181 இருக்கிறது. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050.

உங்கள் தங்கையோ தோழியோ அண்ணியோ ஒருநாள் வந்து இதைச் சொன்னால், தயவுசெய்து முதல் வாக்கியத்திலேயே புருஷன், பிள்ளை, மானம் என்று தொடங்காதீர்கள். அவர்கள் அதையெல்லாம் ஏற்கெனவே தினமும் இரவு தங்களுக்குள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நீங்கள் அப்படித் தொடங்கினால், அடிபட்டதைச் சொல்லாமலேயே திரும்பிப் போய்விடுவார்கள்.

அந்தப் பெண் மூன்றாவது முறை வந்தபோது அவருடைய அக்காவும் கூட வந்திருந்தார். அம்பத்தூரிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறார். தங்கையின் கைபேசி அவருடைய கைப்பைக்குள் இருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்த ஐம்பது நிமிடமும் அது அதிர்ந்துகொண்டே இருந்தது. அக்கா பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அது நிற்கும்வரை ஒவ்வொரு முறையும் தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.