பஸில் கேம்: புதிரா, சிக்கலா, நொடியா?

ப்ளே ஸ்டோரில் 'பஸில்' என்ற பிரிவைத் திறந்தால் சுடோகு இருக்கும், பக்கத்திலேயே ஒரே நிற மிட்டாய்களை மூன்று மூன்றாகச் சேர்த்து உடைக்கும் ஆட்டமும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டி வைத்திருக்கிறார்கள். இந்தச் சொல்லைத் தமிழில் என்னவென்று எழுதுவது என்று கேட்கிறவர்களுக்கு, முதலில் அந்தச் சாக்கைப் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

பஸில் தொடக்கத்தில் எந்தப் பொருளுக்கும் பெயர் இல்லை. ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது வினைச்சொல்லாகத்தான் தலைகாட்டியது: ஒருவரைத் திகைக்க வைப்பது, குழப்பி விடுவது. அப்புறம் அந்தத் திகைப்புக்கே பெயரானது. மூளைக்கு வேலை வைக்கும் விளையாட்டுப் பொருள் என்ற அர்த்தம் 19ஆம் நூற்றாண்டில்தான் ஊன்றியது. 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி நிலப்படத்தை மரப்பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகள் வழியே அறுத்து விற்றார் இல்லையா, துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் இன்றைய ஜிக்சாவுக்கு முன்னோடி, அதைக்கூட அன்று 'அறுத்த படம்' என்றுதான் சொன்னார்கள். சொல்லின் வேர் எது என்று கேட்டால் அகராதிக்காரர்களே கைவிரிக்கிறார்கள்.

ஆக, ஆங்கிலச் சொல் குழம்பிப் போனவன் பக்கம் நிற்கிறது. தமிழ்ச் சொற்களோ அவிழ்க்கிறவன் பக்கம். விடுகதையில் 'விடு' இருக்கிறது, தெற்கே வழங்கும் அழிப்பாங்கதையில் 'அழி' இருக்கிறது, ஈழத்தில் நொடி போடுவார்கள், அதை அவிழ்ப்பார்கள். இன்னும் பழையது வேண்டுமென்றால் தொல்காப்பியச் செய்யுளியலில் விடுகதைக்கு 'பிசி' என்ற பெயர் இருக்கிறது, இரண்டு வகையாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். அதற்கு உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டு 'பிறை கவ்வி மலை நடக்கும்'. விடை யானை. பிறை தந்தம், மலை உடம்பு, அவ்வளவுதான். விடை தெரிந்த பிறகு திரும்பிப் பார்த்தால், எதையும் அவர்கள் ஒளித்து வைக்கவில்லை, எல்லாம் நம் கண் முன்னால்தான் கிடந்தது, நாம்தான் வேறு பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம் என்று தெரியும். ஒரு கணினிப் புதிர் விளையாட்டு இனிப்பதும் அந்த இடத்தில்தான் என்பது என் கட்சி.

சோக்கோபானை எடுத்துக்கொள்ளுங்கள். ஹிரோயுகி இமாபயாஷி உருவாக்கி 1982இல் ஜப்பானில் வெளிவந்தது. பெயருக்கே 'கிடங்குக் காவலர்' என்று பொருள். கிடங்குக்குள் ஓர் ஆள், சில பெட்டிகள், அவற்றைச் சேர்க்க வேண்டிய இடங்கள். பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றுதான். விதி முழுவதும் இவ்வளவுதான், சின்னப் பிள்ளைக்கு அரை நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆனால் பெட்டி ஒன்று வெறும் மூலையில் போய் ஒட்டிக்கொண்டால் கதை முடிந்தது, அது இனி நகராது. ஒரு கட்டத்தில் நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டு கிடந்தேன். கடைசியில் பார்த்தால், சேர வேண்டிய இடத்தில் முதலிலேயே சரியாகச் சேர்த்துவிட்டோம் என்று பெருமையாக விட்டுவைத்த பெட்டிதான் வழியை அடைத்துக்கொண்டிருந்தது. அதைத் திரும்ப வெளியே தள்ளிவிட்டுத்தான் மற்றதெல்லாம் உள்ளே போயிற்று. அந்த நேரத்து எரிச்சலும் சந்தோஷமும் ஒன்றாக வரும், அதைக் கடிகாரம் ஓடும் எந்த ஆட்டமும் எனக்குத் தந்ததில்லை. அங்கே அவசரப்படுத்த ஆளில்லை, அதிர்ஷ்டமும் இல்லை, தப்பு முழுக்க என்னுடையது. கூடவே, செய்த நகர்வை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுக்க ஒரு பொத்தான் வைத்துவிட்டால் போதும், தப்பு செய்யப் பயமே இருக்காது.

விண்டோஸ் 3.1 உடன் 1992இல் வந்த மைன்ஸ்வீப்பர் இந்த இடத்தில் கொஞ்சம் சறுக்கும். எண்களை வைத்து, கட்டங்களுக்குள் மறைந்திருக்கும் கண்ணிவெடியைக் கண்டுபிடித்துக்கொண்டே வருவோம், நன்றாகத்தான் போகும், கடைசி மூலையில் இரண்டு கட்டம் மிஞ்சும், எதில் கண்ணி என்று எந்த எண்ணும் சொல்லாது. காசு சுண்டிப் போடுவது மாதிரி ஒன்றை அழுத்த வேண்டியதுதான். அதுவரை புதிர், அந்தக் கணத்தில் சூதாட்டம்.

டெட்ரிஸ் வேறு சாதி. 1984இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் செய்தது; நான்கு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையும் டென்னிஸையும் சேர்த்துப் பெயர் வைத்தார், மேலிருந்து விழ விழ அடுக்க வேண்டிய ஏழு வடிவங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு சதுரம். பஸில் என்று உலகமே சொல்கிறது, ஆனால் அதில் அவிழ்க்க முடிச்சு ஏது? விடை என்று ஒன்று கிடையாது, நிரம்பிய வரிசை மறைந்துவிடும், நாம் விட்ட ஓட்டைகள் மட்டும் மேலே மேலே ஏறிக்கொண்டே வரும். அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது கை தானாக ஓடுமே, அந்த வகைச் சுகம் அது. மட்டம் என்று சொல்லவில்லை, இரவு 2 மணி வரை நானும் ஆடியிருக்கிறேன்.

சரி, தமிழில் என்ன எழுதலாம்? 'சிக்கல்' வேண்டாம். தலைமுடியிலும் நூலிலும் வாழ்க்கையிலும் தானாக விழுவது சிக்கல். இன்னொருவர் வேண்டுமென்றே, அவிழும்படியாகப் போட்டு வைத்தது புதிர். 'நொடி'யை இன்று எழுதினால் தமிழ்நாட்டில் பாதிப்பேர் காலக்கணக்கு என்று நினைப்பார்கள், 'பிசி' என்றால் கேட்கவே வேண்டாம், கணினியையே சொல்கிறோம் என்று நினைப்பார்கள். ஆகவே பஸிலுக்குப் புதிர், பஸில் கேமுக்குப் புதிர் விளையாட்டு. குறுக்கெழுத்துப் புதிர் என்று பத்திரிகைகள் எழுதி எழுதிப் பழகிய சொல்தானே. யாழ்ப்பாணத்தார் மட்டும் 'புதிர் எடுத்தல்' என்றால் புது நெல்லை நினைப்பார்கள், அது வேறு பொருள். வினை சேர்க்கும்போது 'தீர்த்தேன்' என்பதைவிட 'அவிழ்த்தேன்', 'விடுவித்தேன்' என்று எழுதுங்கள். டெட்ரிஸையும் மிட்டாய் ஆட்டத்தையும் 'அடுக்கு விளையாட்டு' என்று தனியே வைத்துவிடலாம்.