ஓடி முடிக்கும் நேரம் கூடிக்கொண்டே போனால், பயிற்சியைக் கூட்டாதீர்கள்

போன வருடம் 3000 மீட்டரில் பதக்கம் வாங்கிய பெண் இந்த வருடம் பின்தங்குகிறாள் என்றால், வீட்டில் முதலில் வரும் சந்தேகம் சோம்பேறித்தனம். அடுத்தது மொபைல். "இன்னும் ரெண்டு ரவுண்டு சேர்த்து ஓட விடுங்க மேடம்" என்பார் அப்பா. பயிற்சியாளராக நான் கேட்பது, காலையில் என்ன சாப்பிட்டு வந்தாள் என்று.

பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. இங்கே பெங்களூரில் அல்சூரிலிருந்தோ ஸ்ரீராம்புரத்திலிருந்தோ விடியுமுன் கண்டீரவா ஸ்டேடியத்துக்கு வர வேண்டும். ஒரு டம்ளர் டீ, அவ்வளவுதான். ஓடி முடித்து நேராக ஸ்கூல் பஸ். ஒழுங்கான முதல் சாப்பாடு இன்டர்வெலில்தான். சாயங்காலம் டியூஷன். வளரும் வயதில் உடம்புக்கு வளர்ச்சிக்கும் வேண்டும், ஓட்டத்துக்கும் வேண்டும். இரண்டுக்கும் போதாதபோது எலும்பு, ரத்தம், மாதவிடாய் என்று ஒவ்வொன்றிலும் கை வைக்கும். இதற்குச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் ஒரு பெயரே வைத்தது. சுருக்கமாக ரெட்-எஸ் என்பார்கள். பையன்களுக்கும் வரும்.

எடை குறைந்தால் வேகம் கூடும் என்று பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்லும் பயிற்சியாளர்களை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. சில வாரம் வேகம் கூடவும் செய்யும், ஆபத்தே அதுதான். அதை நம்பி அந்தப் பிள்ளை இன்னும் குறைத்துச் சாப்பிடும்.

ஷின் வலி என்று யாராவது சொன்னால் படிக்கட்டில் உட்கார வைத்து, முழங்காலுக்குக் கீழே எலும்பின் உள் ஓரமாகக் கட்டை விரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே இறங்குவேன். நீளவாக்கில் பரவலாக வலித்தால், ஓட்டத்தைக் குறைத்து, சிமென்ட் ரோட்டை விட்டுக் கப்பன் பார்க் மண் பாதைக்கு மாற்றிப் பார்க்கலாம். ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில் மட்டும் விரல் பட்டதும் காலை இழுத்துக்கொண்டால், ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்லிச் சோதிக்கக்கூட மாட்டேன். அன்றோடு ஓட்டம் நிறுத்தம், நேராக எலும்பு டாக்டர். எலும்பில் விரிசல் விழ ஆரம்பித்திருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவது சகஜம், எம்ஆர்ஐயில் தெரியும். "எக்ஸ்ரே நார்மல்தானே மேடம்" என்று அடுத்த வாரமே போட்டிக்குக் கூட்டி வருகிறவர்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. சரியாகக் கவனித்தால் பெரும்பாலும் ஆறு, எட்டு வாரத்தில் கூடிவிடும் எலும்பு, அதன்மேலேயே ஓடினால் முழுசாக முறியலாம்.

அப்புறம், அம்மாக்களிடம் தனியாகப் பேச வேண்டிய ஒன்று. ஓடுகிற பெண்ணுக்குப் பீரியட்ஸ் நின்றுபோவது இயல்பு என்று நம் வீடுகளிலும் மைதானத்திலும் ஒரு நினைப்பு இருக்கிறது. அது தப்பு. மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை என்றாலோ, 15 வயதாகியும் வயதுக்கு வரவில்லை என்றாலோ டாக்டரிடம் போக வேண்டும். பீரியட்ஸ் நிற்பது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்ததன் அடையாளமாக இருக்கலாம்; அது குறைந்தால் எலும்பும் வலுவிழக்கும். எலும்பு நன்றாக இறுகுகிற வயதே இதுதான். இப்போது விட்டதைப் பிற்பாடு முழுதாகப் பிடிக்க முடியாது.

சாப்பாட்டுக்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. கிளம்பும்முன் ஒரு வாழைப்பழம், அல்லது ராகிக் கஞ்சி. பெங்களூரில் ராகிக்கு என்ன பஞ்சம்? கால்சியமும் அதில் நிறைய. ஓடி முடித்ததும் பஸ்ஸிலேயே சாப்பிடத் தனி டப்பா: இட்லி, அவித்த முட்டை, இல்லை சுண்டல். டீயைச் சாப்பாட்டோடு கொடுக்காதீர்கள், இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் கொடுங்கள்.

களைப்பு தொடர்ந்தால் ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருந்தும் இரும்பு இருப்பு காலியாகிக் கிடக்கும் பெண்கள் உண்டு. மாத்திரையை மட்டும் நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம். எவ்வளவு, எத்தனை நாள் என்பதை ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.