10 வயதிலும் 16 வயதிலும் எதற்குத் தடுப்பூசி?

மத்திய அரசு 1985 முதல் நடத்திவரும் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டத்தின்கீழ், தொண்டை அடைப்பான் (டிப்தீரியா), கக்குவான் இருமல், ரணஜன்னி (டெட்டனஸ்) ஆகிய மூன்றுக்கும் எதிரான ஊசிகள் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகப் போடப்படுகின்றன. குழந்தைக்கு 6, 10, 14ஆம் வாரங்களில் பென்டாவேலன்ட் எனும் ஐந்து நோய்த் தடுப்பூசியும், 16 முதல் 24 மாதங்களுக்குள் ஒரு முறையும் 5 முதல் 6 வயதுக்குள் மறுமுறையும் முத்தடுப்பு ஊசியும், 10, 16 வயதுகளில் டெட்டனஸ்-டிப்தீரியா ஊசியும் உரியவை. கைக்குழந்தைப் பருவத்து ஊசிகளோடு கடமை முடிந்துவிட்டது என்று எண்ணிப் பிந்தைய தவணைகளை விட்டுவிடுவதுதான் கவலைக்குரியது.

இம்மூன்று நோய்களிலும் பெருங்கேடு விளைவிப்பது கிருமி சுரக்கும் நச்சு. தொண்டை அடைப்பான் கிருமி தொண்டையில் தங்கியிருக்க, அதன் நச்சு இரத்தத்தில் கலந்து, செல்களின் புரத உற்பத்தியை நிறுத்தி, இதயத்தையும் நரம்புகளையும் சிதைக்கிறது. கக்குவான் கிருமியின் நச்சோ நோய் எதிர்ப்பாற்றலையே குறிவைக்கிறது. வெள்ளணுக்கள் நோயுற்ற இடத்துக்குச் செல்லவிடாமல் அது தடுப்பதால், அவை இரத்தத்திலேயே தேங்கிவிடுகின்றன. ரணஜன்னி நச்சு, தசை இறுக்கத்தைத் தளர்த்தும் நரம்புச் செய்தியை அடைத்துவிடுகிறது. உயிரைப் பறிக்கப் போதுமான அந்நச்சின் அளவு, எதிர்ப்பாற்றலைத் தூண்டக்கூடப் போதாத அளவுக்குச் சிறியது. எனவே ரணஜன்னியிலிருந்து பிழைத்தவருக்கும் தடுப்பூசி கட்டாயம் தேவை.

செல்லுக்குள் புகுந்துவிட்ட நச்சை எந்த நச்சுமுறி மருந்தாலும் மீட்க இயலாது. ஆகவே நச்சை முறிக்க உடலே உருவாக்கும் எதிர்ப்புப் புரதம் முன்கூட்டியே இரத்தத்தில் காத்திருக்க வேண்டும். வீரியம் நீக்கிய நச்சைச் செலுத்தி உடலை அதற்குப் பழக்குவதே டெட்டனஸ், டிப்தீரியா தடுப்பூசிகளின் வேலை. இந்தப் பாதுகாப்பு ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைவதால்தான் 10, 16 வயதுத் தவணைகள் வைக்கப்பட்டுள்ளன.

கர்ப்பிணிகளுக்கு டெட்டனஸ்-டிப்தீரியா ஊசி, கர்ப்பம் உறுதியானதும் ஒன்றும் நான்கு வாரம் கழித்து மற்றொன்றுமாகப் போடப்படும். கடந்த மூன்றாண்டுகளுக்குள் ஏற்பட்ட முந்தைய கர்ப்பத்தில் இரண்டையும் போட்டிருந்தால் ஒரு தவணை போதும். தாயிடம் உருவாகும் எதிர்ப்புப் புரதம் நஞ்சுக்கொடி வழியே சேர்ந்து, பிறந்த குழந்தையை ரணஜன்னியிலிருந்து காக்கிறது.

தவணை தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முத்தடுப்பு ஊசியை 7 வயது வரை போடலாம் என்பதால், தாமதமானவர்கள் தாய்-சேய் நல அட்டையுடன் அருகிலுள்ள கிராம சுகாதாரச் செவிலியரை அணுகலாம்.